மாலை போட்டவனுக்கு ஒரு ஜோடி பூட்ஸ்

எங்கள் காலேஜில் விலங்கியல் கடைசி வருஷப் பிள்ளைகளை ஒவ்வொரு டிசம்பரிலும் காட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும். கனகபுரா தாண்டி, காவிரிக் கரையில், முள்காட்டு ஓரமாக ஒரு முகாம். அங்கே சில நாள் தங்கி, விடியும்போது பறவை எண்ண வேண்டும், பகலில் எச்சமும் கால்தடமும் தேட வேண்டும், சாயங்காலம் உட்கார்ந்து எழுத வேண்டும். வராதவனுக்குப் பாஸ் கிடையாது. அது யுனிவர்சிட்டி போட்ட விதி, நான் போட்டதில்லை. கூட்டிப்போகும் வேலை மட்டும் என்னுடையது. மற்ற ஆசிரியர்கள் யாரும் வர மாட்டார்கள். ஒருவருக்குக் குளிர் ஆகாது, ஒருவருக்கு வீட்டில் மாமியார், ஒருவருக்கு முதுகுவலி. எனக்கும் முதுகுவலி இருக்கிறது. யாரும் கேட்டதில்லை.

காட்டில் இருக்கும் நாட்கள் எனக்குப் பெரிய கஷ்டமில்லை. அதற்கு முன்னால் இதுகளைத் தயார் பண்ணுவதுதான் உயிரை வாங்கும். பாதிப் பேர் நீலசந்திராவிலிருந்தும் அல்சூரிலிருந்தும் வருகிறவர்கள். ஒட்டி ஒட்டி வீடு, பொழுதுக்கும் வண்டிச் சத்தம், தெருவிளக்கு வெளிச்சம் முகத்தில் அடிக்கத் தூங்கிப் பழகியவர்கள். இருட்டு என்றால் கரண்ட் போவது. அமைதி என்றால் இயர்போன். இவர்களை வைத்துக்கொண்டு பறவை எண்ண வேண்டும்.

போன டிசம்பரும் வழக்கம்போல ஒத்திகைக்கு அல்சூர் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனேன். வரிசையாக, ஒரு வார்த்தை பேசாமல், குதிகாலை மெதுவாக வைத்து நடக்க வேண்டும். அவ்வளவுதான் பாடம். ஒருத்தி தும்மினாள். ஒருவனுக்குப் போன் அடித்தது. இன்னொருவன் நீர்க்காகத்தைப் பார்த்து "மேம், டக்" என்று கத்தினான். நீர்க்காகம் போய்விட்டது. வாக்கிங் வந்த ஒருவர் நின்று, நான்தான் கத்தினேன் என்பதுபோல் என்னை முறைத்துவிட்டுப் போனார்.

கோபத்தில் அங்கேயே நிற்க வைத்துச் சொன்னேன். இன்றிலிருந்து முகாம் முடியும்வரை விடியுமுன் எழுந்திருக்க வேண்டும். பச்சைத் தண்ணீரில் குளிக்க வேண்டும். தரையில் படுத்துப் பழக வேண்டும். கொடுத்ததைச் சாப்பிட வேண்டும். சென்ட் கூடாது, வாசனை எண்ணெய் கூடாது. பேச்சைக் குறைக்க வேண்டும். எல்லாரும் தலையாட்டினார்கள். வருஷா வருஷம் ஆட்டுகிறார்கள். ஒருவரும் செய்ததில்லை.

அடுத்த வாரம் அவன் அந்தக் கோலத்தில் வந்து நின்றான்.

அவனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். போன பேட்ச் பையன். மஞ்சள் காமாலை வந்து படுத்ததால் அந்த வருஷம் முகாமுக்கு வரவில்லை. மற்ற எல்லாப் பேப்பரும் முடித்துவிட்டான். என்னுடையது மட்டும் பாக்கி. ஜூனியர்களோடு வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். இந்தத் தடவையும் முகாம் தவறினால் டிகிரி இன்னொரு வருஷம் தள்ளிப்போகும். அப்பா இல்லை. அம்மா ஒரு ஐ.டி. கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங். இன்னொரு வருஷம் தாங்காது என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கறுப்பு வேட்டி, கறுப்புச் சட்டை, கழுத்தில் துளசி மணி மாலை, நெற்றி முழுக்கச் சந்தனம். காலில் ஒன்றும் இல்லை. சபரிமலைக்கு மாலை போட்டிருந்தான்.

வகுப்பே எழுந்து வழிவிட்டது. "சாமி, இங்க உக்காருங்க சாமி," என்றான் ஒருவன். முன்பெஞ்சில் வாயாடிப் பெண் ஒருத்தி உண்டு. அவள் என்னிடம் குனிந்து சொன்னாள்: "நேத்து வரைக்கும் 'டேய் பரட்டை'ன்னு கூப்பிட்டுட்டிருந்தேன் மேம். இன்னைக்கு வாங்க போங்க. நாக்கே சுளுக்கிக்குது."

எங்கள் வீட்டில் இதெல்லாம் கிடையாது. அப்பா காலத்திலேயே நாங்கள் பௌத்தத்துக்கு வந்துவிட்டோம். வீட்டில் புத்தர் படம் ஒன்று, வைகாசிப் பௌர்ணமிக்கு விளக்கு, அவ்வளவுதான். மாலை போட்டவர்களைத் தெருவில் பார்த்திருக்கிறேன். கார்த்திகை வந்தால் இந்த ஊரில் பாதி ஆட்டோக்காரர்கள் கறுப்பில்தான் இருப்பார்கள். ஆனால் அதற்குள் என்ன சட்டதிட்டம் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் அவசியம் வந்ததில்லை.

"காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாய்?" என்று கேட்டேன்.

"நாலரைக்கு, சாமி."

"நான் சாமி இல்லை."

"விரதத்துல எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடணும் சாமி. சாரி, மேம்."

"எதில் குளிக்கிறாய்?"

"பச்சத்தண்ணி. ரெண்டு வேளையும்."

"படுக்கை?"

"தரையில துண்டு விரிச்சு."

பேச்சைக் குறைத்திருந்தான். சென்ட் இல்லை. கொடுத்ததைத்தான் சாப்பிட்டான், அதுவும் ஒரு வேளை. எத்தனையோ வருஷமாகத் தொண்டை கிழியக் கத்தி ஒருவரையும் செய்ய வைக்க முடியாததை, இவன் ஒரு மாலையைப் போட்டுக்கொண்டு ஒன்று விடாமல் செய்கிறான். சந்தோஷப்படுவதா, எரிச்சல்படுவதா என்று புரியவில்லை. இரண்டும் வந்தது. அப்புறம் அவன் காலைப் பார்த்தேன்.

முள்காட்டில் ஷூ இல்லாமல் ஒரு அடி வைக்க முடியாது. முள், உண்ணி, தேள், கண்ணாடி விரியன். வனத்துறை ஆள் வாசலில் நின்று காலைப் பார்த்துத்தான் உள்ளே விடுவான். ஷூவைப் பற்றி நான் தனியாக ஒரு வகுப்பே எடுப்பேன். காலையில் ஷூவைக் கவிழ்க்க வேண்டும், இரண்டு தட்டு தட்ட வேண்டும், உள்ளே பார்த்துவிட்டுத்தான் காலை விட வேண்டும், ஏனென்றால் தேளுக்கு ஷூ பிடிக்கும். அன்றைக்கும் எல்லாரையும் மைதானத்தில் நிறுத்திக் கவிழ்க்கச் சொன்னேன். கவிழ்த்தார்கள், தட்டினார்கள். அவன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"சாமிக்குத் தேள் பிரச்சனையே இல்ல மேம்," என்றாள் வாயாடி. "ஷூ இருந்தாத்தான தேள் இருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தனியாகக் கூப்பிட்டு, முகாமுக்கு ஷூ போடுவாயா மாட்டாயா என்று நேராகக் கேட்டேன்.

"மாட்டேன் மேம்."

"அப்போ முகாம் இல்லை."

"முகாமுக்கு வருவேன் மேம்."

"ஷூ இல்லாமல் எப்படி வருவாய்?"

"தெரியல மேம். ஆனா வருவேன்."

அவன் திமிராகச் சொல்லவில்லை. திமிராகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

துறைத் தலைவரிடம் போனேன். கன்னடக்காரர், நல்ல மனிதர், எதிலும் கையெழுத்துப் போடாமல் ரிட்டயர் ஆக வேண்டும் என்று இருக்கிறவர். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "நோடி, பாருங்க மேடம், ஷூ இல்லாம காட்டுக்குள்ள விடவே கூடாது. அதே நேரம், ஷூ போடுன்னு நாம சொல்லவும் கூடாது. இது சென்டிமென்ட் விஷயம்."

"அப்போ என்ன பண்ணுவது சார்?"

"நீங்க டேக்ட்ஃபுல்லா ஹேண்டில் பண்ணுங்க."

முகாமை மாலை முடிந்த பிறகு வைக்கலாமா என்றேன். வனத்துறை கொடுத்த தேதி, மாற்ற முடியாது என்றார். அவனுக்கு மட்டும் வேறு ஏதாவது வேலை கொடுத்து மார்க் போடலாமா என்றேன். விதியில் இடமில்லை என்றார். பிறகு டீ சொன்னார். அந்த டீயைக் குடிக்காமல் வந்தேன்.

மறுநாள் அவன் அம்மாவை வரச் சொன்னேன். வேலை முடிந்து, கம்பெனி யூனிஃபார்மோடு, காலேஜ் கேட்டில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. அங்கேயே நின்று பேசினோம்.

"நீங்க சொன்னா கேப்பான்ல? ஒரு அதட்டு அதட்டுங்க," என்றேன்.

அந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எப்படி மேம் அதட்டறது? மாலை போட்டதிலிருந்து நானே அவன சாமின்னுதான் கூப்பிடறேன். சாமி எந்திரிங்க, சாமி சாப்பிடுங்க. வாய் நிறைய சாமின்னு கூப்பிட்டுட்டு, அப்புறம் சாமிய எப்படி அதட்டறது? சாதாரணமா இருந்தா துடைப்பக்கட்டையாலயே போட்டிருப்பேன்."

"அப்போ யார் சொன்னால் கேட்பான்?"

"குருசாமி சொன்னா கேக்கணும். அவர்தான மாலை போட்டு விட்டது." பிறகு, "இல்லன்னா நீங்க," என்றார்.

"நானா?"

"நீங்கதான மேம் மார்க்கு போடறது."

அது என்ன பதில் என்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் யோசித்தேன். பிடிபடவில்லை.

குருசாமி என்றால் அந்தக் கூட்டத்துக்குத் தலைவர். பல தடவை மலைக்குப் போய் வந்தவர், மற்றவர்களுக்கு மாலை போட்டுவிட்டு வழி நடத்திப் போகிறவர். நீலசந்திராவில் அவர் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போனேன். ஏதோ தாடியும் கமண்டலமுமாக ஒரு ஆளை எதிர்பார்த்துப் போனேன். தாடி இருந்தது. மற்றபடி நைட் ஷிப்ட் முடித்து வந்து கண் சிவந்து உட்கார்ந்திருந்த ஒரு சாதாரண மனிதர். பொம்மசந்திராவில் இரும்புச் சாமானுக்கு முலாம் பூசும் கம்பெனியில் வேலை. எனக்கு நாற்காலி போட்டுவிட்டு அவர் தரையில் உட்கார்ந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை.

"நீங்கள் வேலைக்குப் போகும்போது என்ன பண்ணுகிறீர்கள்?" என்று கேட்டேன். "அங்கேயும் வெறும் காலா?"

அவர் சிரித்தார். "ஆசிட் தரை மேம். அங்க அந்த ஐயப்பனே வந்தாலும் பூட்ஸ் போட்டுத்தான் ஆகணும். கேட் வரைக்கும் வெறுங்கால். உள்ள போனா ரப்பர் பூட்ஸ். வெளிய வந்தா கழட்டி, கால் கழுவி, ஒரு சரணம் சொல்லிட்டு நடந்துருவேன்."

"அது விரதத்துக்குக் கேடு இல்லையா?"

"தோல்ல செஞ்சது கூடாது. ரப்பர் பரவால்ல. பொழப்பு வேற, விரதம் வேற."

எனக்கு உயிர் வந்தது. "அப்போ அவனும் ரப்பர் பூட்ஸ் போடலாம்?"

"தாராளமா போடலாம். நானே சொல்றேன். என்கிட்ட பழைய ஜோடி ஒண்ணு இருக்கு, அதையும் தரேன்."

இவ்வளவு சுலபமாக முடிந்த ஒரு விஷயத்துக்கா இத்தனை நாள் தூக்கம் போனது என்று திட்டிக்கொண்டே பஸ் ஏறினேன். யாரைத் திட்டினேன் என்று கேட்காதீர்கள், எல்லாரையும்தான்.

திங்கட்கிழமை அவன் என் அறைக்கு வந்தான். "குருசாமி சொன்னாரு மேம். ஆனா நான் போட முடியாது."

நான் கையிலிருந்த பேனாவை மேஜையில் போட்டேன். "ஏன்டா சாமி?"

வாயில் வந்துவிட்டது. அவனுக்கு 'டா' பற்றி வருத்தமில்லை. நிதானமாகச் சொன்னான். மற்றவர்கள் போடுவது பொதுவான மாலை. இவன் மாலை போடும்போது தனியாக ஒரு வேண்டுதல் வைத்திருக்கிறான். மாலை கழட்டும்வரை காலில் ஒரு பொருளும் மாட்ட மாட்டேன், ரப்பரோ துணியோ எதுவும், என்று வேண்டியிருக்கிறான். அதைக் குருசாமி மாற்ற முடியாதாம். ஏனென்றால் அது குருசாமியிடம் சொன்னதில்லை, ஐயப்பனிடம் நேராகச் சொன்னது.

"எதற்காக அப்படி வேண்டினாய்?"

அவன் தரையைப் பார்த்தான். "இந்தப் பேப்பர் பாஸ் ஆகணும்னுதான் மேம்."

"எந்தப் பேப்பர்?"

"உங்க பேப்பர்தான்."

என் பேப்பரில் பாஸ் ஆக வேண்டும் என்று செருப்பை விட்டிருக்கிறான். செருப்பை விட்டதால் முகாமுக்கு வர முடியாது. முகாமுக்கு வராவிட்டால் என் பேப்பரில் பாஸ் ஆக முடியாது. இதை ஒரு காகிதத்தில் வட்டம் போட்டு அவனுக்கு வரைந்து காட்டினேன். பார்த்தான். "ஆமா மேம்," என்றான். "எனக்கும் அப்படித்தான் இருக்கு."

"மார்க் போடுவது நான். என்னிடம் வந்து கேட்டிருக்கலாம் இல்லையா? என்ன படிக்க வேண்டும், எப்படி எழுத வேண்டும் என்று."

"உங்ககிட்ட கேட்டா படின்னு சொல்வீங்க."

"அதுதானே வழி?"

"படிச்சேன் மேம். போன வருஷமும் படிச்சேன். எல்லாம் படிச்சிட்டு கடைசில காமாலை வந்துச்சு. அதுக்கு யார்கிட்ட கேக்கறது?"

போ என்று சொன்னேன். போனான். வெறும் காலில் நடந்தால் சத்தமே வராது. ஏரிக்கரையில் நான் இதுகளுக்குச் சொல்லிக் கொடுத்துத் தோற்றுப்போன நடை அதுதான். அதைப் பார்த்ததும் இன்னும் கோபம் வந்தது.

அந்த வாரம் முழுக்க எனக்கு ஒன்றுமே தெளிவாக இல்லை. ஒரு பக்கம், வராமல் போகட்டும், எனக்கென்ன, நான் செய்ய வேண்டியதெல்லாம் செய்தாயிற்று என்று இருந்தது. இன்னொரு பக்கம், அந்த அம்மா யூனிஃபார்மோடு கேட்டில் நின்றது கண்ணிலேயே இருந்தது. அவனை வெறும் காலோடு யாருக்கும் தெரியாமல் கூட்டிப்போய், முகாம் கட்டடத்திலேயே உட்கார வைத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். அப்புறம் விரியன் கட்டடத்துக்கும் வரும் என்பது நினைவுக்கு வந்தது. அவன் பாஸ் ஆனால் சாமி பண்ணியது. பாம்பு கடித்தால் நான் பண்ணியது. இந்த நியாயம் எந்த ஊரில் உண்டு?

கிளம்புகிற அன்று காலையில் காலேஜ் வாசலில் பஸ் நின்றது. நல்ல பனி. பிள்ளைகள் மூட்டை மூட்டையாகக் கொண்டு வந்திருந்தார்கள். ஒருத்தி ஹேர் டிரையர் எடுத்து வந்திருந்தாள். அங்கே பிளக்கே கிடையாது என்றேன். பவர் பேங்க் இருக்கு மேம் என்றாள்.

அவன் வந்தான். முதுகில் ஒரு பை, கறுப்பு வேட்டி, வெறும் கால். பின்னால் குருசாமி, அவர் கையில் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ். அந்தப் பூட்ஸ் ஒரு காலத்தில் கறுப்பாக இருந்திருக்க வேண்டும். ஆசிட் பட்டுப் பட்டு வெள்ளையாகத் திட்டுத் திட்டாக இருந்தது. ஷிப்ட் முடித்து அப்படியே வந்திருக்கிறார்.

"சொல்லிப் பாத்துட்டேன் மேம்," என்றார். "அசைய மாட்டேங்கறான்."

நான் அவனிடம் போனேன். பஸ் டிரைவர் இன்ஜினைப் போட்டுவிட்டார். "இதோ பார். காலில் இது இல்லாமல் உன்னை ஏற்ற மாட்டேன். நீ ஏறாவிட்டால் பாஸ் இல்லை. உன் வேண்டுதலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்."

அவன் பூட்ஸைப் பார்த்தான். பஸ்ஸைப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது. அதைப் பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"மேம், ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேள்."

"நீங்க என் டீச்சர். நீங்க போடுன்னு ஆர்டர் போட்டு, அதனால நான் போட்டா, அது என் மேல வராது. உங்க மேலதான் வரும்."

"எது?"

"பாவம்."

நான் குருசாமியைப் பார்த்தேன். "அப்படி ஏதாவது உண்டா?"

அவர் தாடியைச் சொறிந்தார். "சொல்லுவாங்க மேம். நான் பாத்ததில்ல."

"பரவால்லையா மேம்?" என்றான் அவன். ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டான். என் தலையில் இதை வைக்கிறேன், கனமாக இருந்தால் சொல்லுங்கள் என்கிற மாதிரி.

எனக்குப் பாவத்தில் நம்பிக்கை இல்லை. புண்ணியத்திலும் இல்லை. இல்லாத ஒன்றை வாங்கிக்கொள்வதில் என்ன கஷ்டம்? "சரி, என் மேல் வரட்டும். போடு."

"அப்படி இல்ல மேம். மனசார சொல்லணும்."

"மனசாரத்தான் சொல்றேன். போட்டுத் தொலை."

குருசாமி குனிந்து பூட்ஸைத் தரையில் வைத்தார். போடுவதற்கு முன் அவன் அதைக் கவிழ்த்தான், இரண்டு தட்டு தட்டினான், உள்ளே பார்த்தான். பிறகு கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டுக் காலை விட்டான். அவனுக்கு ரொம்பப் பெரிதாக இருந்தது. நடந்தால் சளக் சளக் என்று சத்தம் வந்தது. இந்தச் சத்தத்துக்கு ஒரு பறவை நிற்காது என்று நினைத்தேன். பரவாயில்லை, ஏறிவிட்டான். ஏறும்போது அவன் முகத்தில் பல நாளாக இருந்த இறுக்கம் போயிருந்தது. குருசாமி என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, வெறும் காலோடு நீலசந்திரா பக்கம் நடந்தார்.

பஸ் கிளம்பியது. வாயாடிப் பெண் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கனகபுரா ரோடு பிடிக்கும்வரை சும்மா இருந்தாள். அதுவே அவளுக்கு அதிகம்.

"மேம், நீங்க சாமி கும்பிட மாட்டீங்கல்ல?"

"இல்லை."

"பாவம் புண்ணியம்லாம் நம்ப மாட்டீங்க."

"இல்லை. அதற்கென்ன?"

"இல்ல, ஒரு டவுட். நம்பறவங்க மேலதான அது வரும்? நீங்கதான் நம்பலையே. அப்ப அது உங்ககிட்ட எப்படி வரும்? ஆள் இல்லாத வீட்டுக்கு வந்த கொரியர் மாதிரி, ரிட்டர்ன் ஆகி அவன்கிட்டயே போயிடாதா?"

"வாயை மூடிக்கொண்டு வெளியே பார்," என்றேன். "பறவை ஏதாவது தெரிந்தால் சொல்லு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் பின்னால் பார்த்தேன். அவன் கடைசி சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான். வாய் திறந்திருந்தது. அந்தப் பெரிய பூட்ஸ் இரண்டும் சீட்டுகளுக்கு நடுவே வழியில் நீட்டிக்கொண்டிருந்தன. கவலை இல்லாத தூக்கம்.

அவள் சொன்னதில் என்ன தப்பு என்று யோசித்துப் பார்த்தேன். தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. நான் நம்பாததை நான் எப்படி வாங்கியிருக்க முடியும்? வாங்கவில்லை என்றால் அது இப்போது எங்கே இருக்கிறது? இப்படி யோசிப்பதே பைத்தியக்காரத்தனம் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். திட்டியும் நிற்கவில்லை. அது அவனிடம் திரும்பிப் போகக் கூடாது என்று மட்டும் எனக்கு இருந்தது. அதை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.